விண்டோஸ் அடித்தால் சரியாகுமா?

மலையகத்து வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருள் ஏற மறுத்தால் கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "விண்டோஸ் அடிக்கணும்." பைதன் ஏறவில்லையா, விண்டோஸ் அடிக்கணும். பிரிண்டர் மென்பொருள் பாதியில் நின்றுவிட்டதா, விண்டோஸ் அடிக்கணும். ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவர் சொல்வதும் இதுதான். கடைக்குப் போகுமுன் கேட்டால் பக்கத்து லயத்தில் ஐ.சி.டி. படிக்கிற தம்பி சொல்வதும் இதுதான். சி டிரைவைத் துடைத்துவிட்டு இயங்குதளத்தை முதலிலிருந்து போடும் இந்த வழி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது, மாற்றுவழிகளின் தரம் என்ன என்பதை யாரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழக்கம் ஒன்று வழக்கமாகி, வழக்கம் தொழில்நுட்ப அறிவாகவே மதிக்கப்படுகிறது.

கொழும்பில் இருப்பவருக்கு இது அரைநாள் தொல்லை. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு டிவிஷனில் இருப்பவருக்கு அப்படியில்லை. சி.பி.யூ. பெட்டியை உரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்ற வேண்டும். கொண்டுபோகிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை; சீக்கிரம் திரும்பினால் அரைப்பேர் கிடைக்கலாம். 2024 இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். கடைக்கூலி, பஸ் காசு, போன பேர் மூன்றையும் கூட்டிப் பார்த்தால், தவறான தீர்வுக்கு இங்கே கொடுக்கிற விலை மற்ற இடங்களைவிட அதிகம். ஆகவே கேள்வியும் இங்கேதான் கூடுதலாகக் கேட்கப்பட வேண்டும்.

முதலில், மென்பொருளை ஏற்றுகிற பொறிமுறையின் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடலாம். விண்டோஸ் இன்ஸ்டோலர் 1999 இல் ஒஃபிஸ் 2000 உடன் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் கோப்புகளைக் கொட்டியது. பாதியில் நின்றால் பாதிக் கோப்புகள் உள்ளேயே கிடக்கும். ஒன்றை நீக்கப் போய் இன்னொன்று உடையும். இன்ஸ்டோலர் கொண்டுவந்த பெரிய நன்மை, ஒரு படி தவறினால் அதுவரை செய்த எல்லாவற்றையும் தானே திரும்ப எடுத்துவிடுவது. ஏறினால் முழுதாக ஏறும், இல்லாவிட்டால் கணினி முன்பிருந்த நிலைக்கே திரும்பும். நல்ல வடிவமைப்பு, சந்தேகமில்லை. விண்டோஸ் அடிக்கும் வாதத்துக்கு எதிரான முதல் ஆதாரமும் இதுவே: ஏற மறுத்த மென்பொருள் பெரும்பாலும் கணினியில் எதையும் கெடுத்துவிட்டுப் போவதில்லை. திரையில் பிழைச்செய்தி வந்தது என்பதற்காக இயங்குதளம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட இடமில்லை.

ஆனால் அதே பொறிமுறையின் பேச்சு மோசம். 1603 என்ற இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'நிறுவும்போது பாரதூரமான பிழை' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. டிஸ்க்கில் இடம் போதாவிட்டாலும் 1603 வரலாம். கோப்புறையில் எழுத அனுமதி இல்லாவிட்டாலும் 1603. பழைய பதிப்பின் மிச்சம் வழிமறித்தாலும் 1603. பின்வாங்குவதில் காட்டிய கவனத்தைக் காரணம் சொல்வதில் மைக்ரோசொஃப்ட் காட்டவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகியும் காட்டவில்லை. இப்படி ஒரு செய்தியைப் பார்க்கிற பெற்றோரோ கடைக்காரரோ 'என்னவோ ஆகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிடலாம்' என்று நினைப்பதில் வியப்பில்லை. மற்ற சில இலக்கங்கள் இவ்வளவு கஞ்சத்தனம் செய்வதில்லை. 1618 என்றால் வேறொரு நிறுவல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறுத்திருந்தாலோ, ஒருமுறை மூடித் திறந்தாலோ தீர்ந்தது. 1612 என்றால் மூலக்கோப்பு வைத்த இடத்தில் இல்லை.

இந்த இலக்கங்களைப் படிப்பது பெரிய வித்தையல்ல. அதை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே படிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பதினறும எண்ணைத் தசம எண்ணாக்கும் கணக்கு உண்டு. விண்டோஸ் அப்டேட் அடிக்கடி காட்டும் 80070643 ஐ அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாலில் நிற்பது 643. ஆறை 256 ஆலும் நாலை 16 ஆலும் பெருக்கி மூன்றைக் கூட்டினால் 1603. பழைய ஆள்தான், சட்டை மட்டும் வேறு. 80070005 இன் வால் 5. அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். 80070070 இன் வால் பதினறுமத்தில் 70, தசமத்தில் 112. கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி 112' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால், டிஸ்க்கில் போதிய இடமில்லை என்று கணினியே சொல்லிவிடும். அதற்கு இணையம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், ரீலோட் போட வேண்டியதில்லை. 8007 என்று தொடங்கும் இலக்கங்களுக்கு மட்டுமே இந்தக் கணக்குச் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 8024 என்று தொடங்கினால் அது விண்டோஸ் அப்டேட்டின் குடும்பம், அதற்குத் தனி அட்டவணை உண்டு. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்மொழிமூலப் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை என்று சொல்லப்படுகிறது. செய்தியைப் பற்றி அது உண்மை. இலக்கம் எல்லாருக்கும் பொது. பரீட்சையில் புள்ளி வாங்கித்தந்த கணக்கு வீட்டுத் திரையில் உயிரோடு நிற்கும்போது, அந்தக் கணக்கு இதற்கும்தான் என்று பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை.

பைதனைப் பார்ப்போம். உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் நிரலாக்கத்துக்கு அதுதான் மொழி; ஆகவே தோட்டத்து வீடுகளில் அதிகம் ஏற்றப்படுவதும் அதிகம் ஏற மறுப்பதும் அதுவே என்று ஊகிக்கலாம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் கொழும்பில் வேலைசெய்யும் அண்ணனோ மாமாவோ வாங்கி அனுப்பிய பாவித்த கணினி. உள்ளே விண்டோஸ் 7. மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த பைதன் 3.9, விண்டோஸ் 7 இல் ஏறாது. தளத்தின் முகப்பில் பெரிய பொத்தானை அழுத்தி இறக்குகிற பிள்ளைக்கு இது தெரியாது. அதற்குப் பொருந்துகிற கடைசி வரிசை 3.8, பாடத்திட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். இன்னும் பழைய 3.5, 3.6 பதிப்புகளை ஏற்றப் போனவர்கள் 80240017 என்ற இலக்கத்தைக் கண்டிருப்பார்கள். பக்கத்தில் 'காரணம் குறிப்பிடப்படாத பிழை' என்று ஆங்கிலத்தில் இருக்கும். காரணத்தை இலக்கம் குறிப்பிட்டுத்தான் இருக்கிறது: 8024 அப்டேட் குடும்பம், 0017 என்றால் தரப்பட்ட அப்டேட் இந்தக் கணினிக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது? விண்டோஸ் 7 இன் சேர்விஸ் பெக் 1 ஏற்றப்படாததால். அதை ஏற்றிவிட்டு மறுபடி பைதனை ஏற்றினால் வேலை முடிந்தது.

இந்தக் கணினியைக் கடைக்குக் கொண்டுபோனால் இரண்டில் ஒன்று நடக்கும். கடைக்காரர் அதே விண்டோஸ் 7 ஐ மறுபடி அடித்தால் அதே பிழை மறுபடி வரும். விண்டோஸ் 10 ஐ அடித்தால் பைதன் ஏறிவிடும், 'அடித்ததால் சரியாகிவிட்டது' என்ற நம்பிக்கையும் உறுதிப்படும். உண்மையில் சரியாக்கியது பதிப்பு மாற்றம். துடைத்ததற்கு அதில் பங்கில்லை. ஒரு வழி சில நேரம் பலிப்பதால் அது சரியான வழி என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பைதன் நிறுவிக்கு ஒரு பாராட்டும் சொல்ல வேண்டும்: தோற்றால் லொக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சுட்டி கொடுக்கிறது. 1603 உடன் ஒப்பிட்டால் இது நாகரிகம். குறை ஒன்று உண்டு. நிறுவும்போது 'பாத்'தில் சேர்க்கும் கட்டம் தானாகக் குறியிடப்பட்டிருக்காது. அதைக் கவனிக்காமல் ஏற்றிய பிள்ளை கட்டளைச் சாளரத்தில் பைதன் என்று தட்டினால் அப்படி ஒன்றில்லை என்று பதில் வரும். ஒழுங்காக ஏறிய மென்பொருளுக்காகவும் விண்டோஸ் அடிக்கப்படும்.

அடுத்தது டி.எல்.எல். கோப்புகள். 'வீசிரன்டைம்140 இல்லை' என்ற செய்தி வந்ததும் அந்த ஒற்றைக் கோப்பை எங்கிருந்தோ இறக்கி சிஸ்டம்32 கோப்புறையில் போடச் சொல்லும் காணொளிகள் எல்லா மொழியிலும் கிடக்கின்றன. இந்த யோசனையை நான் முழுதாகவே நிராகரிக்கிறேன். அது தனிக் கோப்பு அல்ல. விசுவல் சி பிளஸ் பிளஸ் என்ற பொதியின் ஓர் உறுப்பு. பொதியை மைக்ரோசொஃப்ட் இலவசமாகவே தருகிறது, அளவும் சிறியது. யார் வைத்தது என்று தெரியாத தளத்திலிருந்து இயங்குகோப்பை எடுத்து இயங்குதளத்தின் நடுவில் வைப்பது வாசலைத் திறந்துவைத்து ஆளை அழைப்பதுதான். அதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகளோ பெயரில் 64 ஐச் சுமக்கும் சிஸ்வவ்64 இல் இருக்கும். பெயரை நம்பி மாற்றிப் போட்டால் முதல் பிழை மறைந்து சி000007பி என்ற புதிய பிழை வரும். அந்த இலக்கம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கலப்பைத்தான். பொதியில் 32 பிட், 64 பிட் இரண்டையும் ஏற்றினால் இவ்வளவும் தேவையில்லை.

இடம் பிடிக்கிறது என்று விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'இன்ஸ்டோலர்' கோப்புறையை அழிக்கச் சொல்லும் ஆலோசனையும் இதே வகை. சிறிய டிஸ்க் உள்ள கணினியில் அது சில ஜிகாபைட்டை விடுவிக்கும் என்பது உண்மை. ஏற்றிய மென்பொருள்களைத் திருத்தவும் நீக்கவும் புதுப்பிக்கவும் வேண்டிய மூலங்கள் அங்கேதான் இருக்கின்றன. அழித்த பிறகு அவற்றில் பலவற்றை நீக்கவும் முடியாது, மேலே ஏற்றவும் முடியாது. மைக்ரோசொஃப்டே ஒருகாலத்தில் இன்ஸ்டோலரின் பதிவுகளைத் துப்புரவு செய்யும் கருவி ஒன்றை வழங்கி, அது மற்ற மென்பொருள்களையும் சேதப்படுத்தியதால் 2010 இல் திரும்ப எடுத்துக்கொண்டது.

தமிழில் பெயர் கொடுப்பவர்களுக்கு வரும் ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இதை எந்தக் கடையிலும் யாரும் சந்தேகிப்பதில்லை. விண்டோஸ் போட்டு முடிந்ததும் பிள்ளை ஆசையாகத் தன் பெயரைத் தமிழில் கொடுத்துக் கணக்கு உருவாக்குகிறது. அந்தப் பெயரிலேயே கோப்புறையும் உருவாகிறது. நிறுவிகள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் இடமும் அதற்குள்ளேதான். ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் எதிர்பாராமல் எழுதப்பட்ட சில நிறுவிகள், குறிப்பாகப் பழையவை, அந்தப் பாதையில் தடுக்கி விழுகின்றன. செய்தியில் தமிழ்ப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கணக்கின் பெயரைப் பின்னர் மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் இன்னொரு கணக்கை உருவாக்கி அதிலிருந்து ஏற்றினால், அல்லது தற்காலிகக் கோப்புறையை சி டிரைவின் நேரடி அடியில் வைத்தால் தீர்ந்துவிடும். இந்தத் தவறு முழுக்க நிறுவியை எழுதியவருடையது. யுனிகோட் வந்து இவ்வளவு காலமான பிறகும் தமிழ்ப்பெயர் தடையாக இருப்பதற்குப் பயனர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் தீர்வு வேண்டுபவர், தற்போதைக்கு, ஆங்கில எழுத்தில் கணக்குத் திறப்பதே நல்லது. இங்கேயும் விண்டோஸ் அடித்தால் சரியாகலாம்: கடைக்காரர் கணக்குக்கு 'யூசர்' என்றோ கடையின் பெயரையோ வைத்துவிடுவார். காரணம் தெரியாமலே பிழை மறையும். பிள்ளை வீட்டுக்கு வந்து மறுபடி தன் பெயரில் புதுக்கணக்குத் திறந்தால் திரும்பி வரும்.

இதுவரை சொன்னவை கணினிக்கு உள்ளே இருக்கும் காரணங்கள். வெளியே இருப்பவைதாம் மலையகத்தில் பெரியவை என்பது என் கணிப்பு. இன்று பல மென்பொருள்கள் சில மெகாபைட் அளவுள்ள சிறு நிறுவியாக வருகின்றன. ஓடத் தொடங்கிய பிறகு நூற்றுக்கணக்கான மெகாபைட்டை இணையத்திலிருந்து இழுக்கும். ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டு, பள்ளத்தாக்கில் ஒரு கோடு சிக்னலில் இழுத்தால் எங்கேயோ அறுந்துபோகும். நள்ளிரவுக்குப் பிந்தைய மலிவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் திரையில் ஓர் இலக்கம் நிற்கும். பழைய கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறிய வட்ட பேட்டரி செத்திருந்தால், மின்சாரத்தை நிறுத்திப் போடும்போதெல்லாம் திகதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் திகதியில் செல்லாது. ஆகவே 'இணையத்தோடு இணைய முடியவில்லை' என்று நிறுவி சொல்லும். மின்வெட்டு வேறு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. லக்சபானையும் மேல் கொத்மலையும் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிற மாவட்டத்தில், அப்டேட் பாதியில் இருக்கும்போது வெளிச்சம் போனது.

இந்தக் காரணங்களுக்காகக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனால் நடப்பதைக் கவனியுங்கள். கடையில் நல்ல இணைப்பு இருக்கிறது, யூ.பி.எஸ். இருக்கிறது. விண்டோஸ் அடித்து, திகதியைச் சரிசெய்து, மென்பொருளை அங்கேயே ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பிழை போய்விட்டது என்று தோன்றும். பிழை இருந்த வீட்டைக் கடைக்காரர் பார்க்கவே இல்லை. அடுத்த மென்பொருளை வீட்டில் ஏற்றும்போது அது அங்கேயே காத்திருக்கும்.

கடைக்காரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. அவர்கள் பக்கத்துக் கணக்கு இப்படி. விண்டோஸ் அடிக்க ஒரு நிலையான கூலி உண்டு. எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் முன்கூட்டித் தெரியும். ஒரே நேரத்தில் நாலு கணினிக்குப் பென்டிரைவ் செருகிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். காரணம் தேடினால் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மாலையும் போகலாம். தேடிக் கண்டுபிடித்து ஒரு கட்டத்தில் குறியிட்டு முடித்தால், 'இதுக்கா காசு?' என்று கேட்பவர்கள் நாம்தாம். துடைத்து அடித்தால் வேலை கண்ணுக்குத் தெரிகிறது, கூலி கேள்வியில்லாமல் கைக்கு வருகிறது. கண்டுபிடிப்புக்கு விலை இல்லாத சந்தையில் கண்டுபிடிப்பவன் இருக்க மாட்டான். இந்தக் கூலிமுறைதான் மலையகத்தின் கணினித் திருத்தத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைக்கிறேன். திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். அந்த இளைஞர்களில் பலர் கெட்டிக்காரர்கள்.

விண்டோஸ் அடிப்பதுதான் சரி என்று சொல்லத்தக்க சந்தர்ப்பங்களும் உண்டு. பென்டிரைவ் வழியாக வந்த வைரஸ் எங்கெங்கே நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாத கணினி. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது டிஸ்க் போட்ட கணினி. முந்தைய உரிமையாளர் யார் என்றே தெரியாமல் கைமாறி வந்த கணினி. இவற்றில் காரணம் தேடுவது வீண் உழைப்பு.

ஆனால் கடையில் அடித்துக் கொடுக்கப்படுவது எப்படிப்பட்ட விண்டோஸ்? உலக மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி இலங்கையில் ஏற்றப்பட்டிருந்த மென்பொருள்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு உரிமம் இல்லாதவை. டொலர் 200 ரூபாயளவில் இருந்து 2022 இல் சில மாதங்களுக்குள் 360 ஐ எட்டிய நாட்டில், நாட்சம்பளக் குடும்பத்திடம் உரிமம் எங்கே என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அறத்தை ஒருபுறம் வைத்துவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் பார்ப்போம். உரிமத்தை ஏமாற்றும் சிறு கருவிகள் பாதுகாப்பு மென்பொருளை அணைக்கின்றன, அப்டேட் சேவையை முடக்குகின்றன. இரண்டு ஜிகாபைட் நினைவகத்தில் ஓட வேண்டும் என்பதற்காக யாரோ வெட்டித் தைத்த 'லைட்' விண்டோஸில் பல கூறுகளே இருக்காது. டொட்நெட் 3.5 கேட்கும் ஒரு மென்பொருளை அதில் ஏற்றினால், விண்டோஸ் அந்தக் கூறை அப்டேட் வழியாக எடுக்கப் போகும், வழி அடைக்கப்பட்டிருக்கும், பிழை வரும். மறுபடி கடை, மறுபடி விண்டோஸ். அதாவது இன்றைய 'தீர்வு' நாளைய பிழையை உள்ளே வைத்தே வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. விண்டோஸ் அடிக்கும் பழக்கத்துக்கு எதிராக என்னிடம் உள்ள வாதங்களில் இதுவே பலமானது.

இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். டி டிரைவில் இருப்பதைத் தொடமாட்டார்கள், சரி. நம் ஆட்கள் சேமிப்பது டெஸ்க்டொப்பில். பிள்ளையின் செயற்றிட்டம், கோயில் திருவிழாப் படங்கள், ஸ்கேன் செய்துவைத்த பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கேதான். கோப்புகளைக் காப்பாற்றிக் கொடுத்தாலும் பாமினி எழுத்துரு போயிருக்கும். ஆசிரியர் தட்டச்சு செய்த வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அதையும் அழித்துவிடுவார்கள்.

யூடியூப் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல காணொளிகள் உண்டு. பெரும்பாலானவை ஏழெட்டு வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஏதாவது ஒன்று பலிக்கும் என்று விட்டுவிடுகின்றன. பலித்தாலும் எது பலித்தது என்று தெரியாது. அணைத்த பாதுகாப்பு மென்பொருள் அணைந்தபடியே கிடக்கும். டேட்டாவும் போகும். லினக்ஸுக்கு மாறுவது எனக்கு உவப்பான யோசனை, எந்தப் பொதி இல்லை என்று பெயரோடு சொல்லும் அதன் பழக்கம் 1603 ஐவிட மேலானது; ஆனால் ஒவ்வொரு பொதிக்கும் இணையத்தைத் தேடும் அமைப்பைப் பலவீனமான சிக்னல் உள்ள வீட்டுக்குப் பரிந்துரைக்க முடியாது.

அரசின் பங்கைத் தவிர்த்துவிட்டு இந்தத் திறனாய்வு முழுமை பெறாது. கிராமங்களிலும் தோட்டங்களிலும் கணினி நிலையங்கள் அமைத்த நெனசல திட்டம் 2014 இல் பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதைப் பெற்றது. கணினியைத் தொட்டுப் பார்க்காதவர்களைத் தொடவைத்தது அதன் சாதனை. தொட்டவர் தன் கணினியைத் தானே பராமரிக்கும் அறிவை அது இலக்காக வைக்கவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு அளவீட்டிலும் இதே மனப்பாங்கு தெரிகிறது: 5 முதல் 69 வயது வரையிலான ஒருவர் தானாகக் கணினியைப் பயன்படுத்தினால் போதும், ஐந்து வயதுப் பிள்ளை அதில் விளையாடினாலும் எழுத்தறிவு உள்ளவர்தான். இவ்வளவு தாராளமான அளவுகோலிலும் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டம்தான் கடைசி. விளையாடத் தெரிவதை எழுத்தறிவு என்று எண்ணுகிற இடத்தில், பிழை இலக்கத்தைப் படிக்கத் தெரிவதை யார் எண்ணப் போகிறார்கள்?

என் தீர்ப்பு இது. மென்பொருள் ஏறவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்டோஸ் அடிப்பது தவறு. வைரஸ், புது டிஸ்க், வரலாறு தெரியாத கணினி ஆகிய மூன்றுக்கும் அது சரி. இவை தவிர்ந்த எல்லாவற்றிலும் முதலில் இலக்கம், பிறகு இடமும் திகதியும், பிறகு பதிப்புப் பொருத்தம், பிறகு லொக் கோப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். லொக் கோப்பு ஆயிரக்கணக்கான வரி இருக்கும் என்று பயப்பட வேண்டாம். எம்.எஸ்.ஐ. வகை நிறுவியின் லொக்கில் 'ரிட்டர்ன் வெல்யூ 3' என்பதற்கான ஆங்கில எழுத்தைத் தேடி, அதற்குச் சற்று மேலே உள்ள சில வரிகளைப் படித்தால் பெரும்பாலும் போதும். இயங்குதளமே பழுதடைந்திருந்தால்கூட இன்னொரு படி இருக்கிறது. கடைக்காரரிடம் இருக்கும் அதே பென்டிரைவை, கணினியை அதிலிருந்து தொடக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து செட்டப்பை ஓடவிட்டால், பதிப்பும் மொழியும் பொருந்துகிறபோது, கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்க இயங்குதளம் மட்டும் புதுப்பிக்கப்படும். கடைக்குப் புதிய செலவில்லை. இதைச் செய்யாமல் துடைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தீர்ப்புக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10 இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு நம் வீடுகளில் உள்ள பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. விண்டோஸ் 7 இல் பைதனுக்கு நடந்தது இனி விண்டோஸ் 10 இல் ஒவ்வொரு மென்பொருளாக நடக்கும். பொருந்தும் கடைசிப் பதிப்பு எது என்று தேடி, அதன் முழு நிறுவியை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளும் வீடு தப்பிக்கும். பாடசாலைக் கணினி அறைகள் இதைப் பொதுவில் செய்தால் ஒவ்வொரு பிள்ளையும் டேட்டாவைக் கரைக்க வேண்டியதில்லை, ஐ.சி.டி. ஆசிரியர்கள் ஒரு மாலை நேரத்தில் செய்யக்கூடிய காரியம்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கணினியைச் சாக்கில் கட்டுமுன் திரையில் உள்ள இலக்கத்தை ஃபோனில் படமெடுங்கள். கடையில் 'விண்டோஸ் அடிக்கணும்' என்றால், அந்த இலக்கத்தைக் காட்டி, காரணம் என்ன என்று கேளுங்கள். பில்லில் 'விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, இலக்கத்தையும் கண்ட காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததற்குத் தனியாகக் காசு கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.